அப்பா அவுஸ்திரேலியாவில், பிள்ளைகள் வன்னியில்: படகுப் பயணத்தின் பின்னரும் தொடரும் பிரிவு

2012ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் படகுகளில் அவுஸ்திரேலியாவைச் சென்றடைந்தனர். போர் முடிந்து மூன்று வருடங்களே கடந்திருந்த காலம் அது. நகையை அடகு வைத்தும் காணியை ஈடு வைத்தும் படகுக்குப் பணம் கட்டிய தமிழர்களில் பலர், மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டே புறப்பட்டனர். குழந்தைகளை நடுக்கடலில் கொண்டுசெல்லப் பயம். போய்ச் சேர்ந்தால் இரண்டொரு வருடத்தில் அவர்களையும் கூப்பிடலாம் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குச் சட்டம் இடமளிக்கவில்லை. 2012 ஓகஸ்ட் 13ஆம் திகதி முதல் படகில் சென்றவர்களில் பலருக்கு, 2015 வரை பாதுகாப்புக் கோரி விண்ணப்பிக்கவே அனுமதி கிடைக்கவில்லை. 2014 டிசெம்பரில் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்படி, அகதி என ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கும் 3 அல்லது 5 வருடத் தற்காலிக விசாவே வழங்கப்பட்டது. அந்த விசாவில் வேலை செய்யலாம். குடும்பத்தை அழைக்க முடியாது. ஊருக்குத் திரும்பிச் செல்ல முடியாது. மூன்றாவது நாடொன்றில் மனைவியைச் சந்திப்பதற்கும் முன் அனுமதி பெறவேண்டும். பிள்ளையின் சாமத்தியவீட்டையும் தாயின் செத்தவீட்டையும் கைத்தொலைபேசியில் பார்த்தவர்கள் இவர்கள்.

2023 பெப்ரவரியில் நிலைமை மாறியது. தற்காலிக விசாவில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கான வழி திறக்கப்பட்டது. குடும்பத்தை அழைக்கும் உரிமையும் கிடைத்தது. ஆனால் இடையில் பத்து வருடங்கள் போய்விட்டன.

பால்குடியாக விட்டுச்சென்ற பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறது. எட்டு வயதில் விட்டுச்சென்ற பிள்ளைக்கோ பதினெட்டு கடந்துவிட்டது. அந்த வயதைத் தாண்டியவர், தந்தையின் உழைப்பில் தங்கி வாழ்வதை நிரூபிக்க வேண்டும். திருமணம் செய்திருந்தால் அந்த வழியும் அடைபடும். மனைவியை அழைப்பதற்கான விண்ணப்பக் கட்டணமே ஒன்பதாயிரம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல். அதோடு, சட்டம் பிரித்து வைத்த வருடங்களிலும் தாங்கள் உண்மையான கணவன் மனைவியாகவே இருந்தோம் என்பதற்கு ஆதாரமும் காட்டவேண்டும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு இந்த வழியும் இல்லை. குறுங்கால இணைப்பு விசாவில் அவர்களின் காலம் கழிகிறது. ஊர் திரும்பினால் விசாரணை நடக்குமோ என்ற அச்சம் ஒருபுறம். சட்டவிரோதமாக நாட்டைவிட்டு வெளியேறியதற்காக நீர்கொழும்பு நீதிமன்றத்தில் நிற்கவேண்டிய நிலை மறுபுறம். இங்கே மனைவி, கணவன் உயிரோடிருந்தும் வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தனியே சுமக்கிறார்.

காத்திருக்கும் குடும்பங்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ளவேண்டும். திருமணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், பணம் அனுப்பிய துண்டுகள், தொலைபேசி உரையாடல் பதிவுகள் எதையும் எறியவேண்டாம். பிள்ளைகளின் வயதை மனதில் வைத்து, தரகரை நம்பாமல், பதிவுபெற்ற குடிவரவுச் சட்ட ஆலோசகர் ஒருவரிடம் காலம் தாழ்த்தாமல் பேசுங்கள்.

இன்னமும் படகைப் பற்றி யோசிப்பவர்களுக்கு மற்றொரு விடயம். 2013 ஜூலை 19ஆம் திகதிக்குப் பின்னர் விசா இன்றிப் படகில் வருவோர் அவுஸ்திரேலியாவில் குடியமர்த்தப்படமாட்டார்கள் என்பதே அந்நாட்டின் கொள்கை. பத்து வருடம் காத்திருந்தவர்களுக்குத் திறந்த கதவு, இனிப் படகில் போகிறவர்களுக்குத் திறக்காது.