ஃபில்டருக்குள் ஒட்டும் இரும்பு

அமெரிக்காவில் சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்களில் பலருக்கு, அதை ஓட்டும் நேரத்தைவிட ஷெட்டில் பூட்டி வைக்கும் நேரமே அதிகம். எஞ்சின் கெடுவதும் அங்கேதான். செஸ்னா, பைப்பர் விமானங்களில் பரவலாகக் காணப்படும் லைகோமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் அதன்மேல் படிந்த எண்ணெய் வழிந்து இறங்கிவிடும். ஈரம் பட்டுத் துரு பிடிக்கும். பிறகு ஓட்டும்போது அந்த இடத்தில் உரசும் டேப்பெட் என்ற பாகம் தேய்ந்து, உலோகம் செதில் செதிலாக உதிரும். சத்தத்தில் வித்தியாசமே தெரியாது. சிலிண்டரின் கம்ப்ரஷன் சோதனையிலும் பிடிபடாது.

பறக்க நேரமில்லாதவர்கள் தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி அணைத்துவிடுகிறார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறாததால் ஈரம்தான் கூடுகிறது. அதற்குச் சும்மா விட்டிருக்கலாம்!

ஆயில் ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணி நேரம் அல்லது 4 மாதம், எது முந்துகிறதோ அப்போது ஆயிலை மாற்றச் சொல்கிறது லைகோமிங். கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள்; உதிர்ந்த உலோகம் அதில்தான் சிக்கியிருக்கும். வெட்டி, மடிப்புகளை விரித்துக் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் எஃகு. ஒன்றிரண்டு துகள்தான் என்றால் மெக்கானிக்கைக் கேட்டு, சீக்கிரமே மறுபடி வெட்டிப் பார்க்கலாம். கொத்தாக வந்தால் பறக்கவே கூடாது.

விமானத்தைப் பறக்கும் தகுதியோடு வைத்திருக்கும் முதல் பொறுப்பு உரிமையாளருடையது என்கிறது அமெரிக்க விமான விதி 91.403. அதே விதிகள் அவருக்கு ஓர் உரிமையும் தருகின்றன. வருடாந்தர ஆய்வில் விமானம் தேறவில்லை என்றால், ஆய்வு செய்தவர் குறைகளைப் பட்டியலிட்டு, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இது விதி 43.11. அந்தப் பட்டியலோடு, தகுதியுள்ள வேறு மெக்கானிக்கிடம் பழுது பார்த்துக்கொள்ளலாம். வேறு ஊருக்குப் பறந்தே கொண்டுபோக வேண்டுமானால் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவிடம் தனி அனுமதி கேட்கலாம். இரும்பு உதிரும் எஞ்சினுக்கு நான் கேட்க மாட்டேன்.

துருவுக்கும் தேய்மானத்துக்கும் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. ஓடும் புரொப்பெல்லர் தரையில் இடித்தால் பெரும்பாலும் கிடைக்கும். அப்படி இடித்த லைகோமிங் எஞ்சின்கள் பலவற்றில், கிராங்க்ஷாஃப்டின் பின்பக்கப் பல்சக்கரத்தைத் திறந்து சோதித்தே ஆக வேண்டும் என்பது 2004இல் வந்த எஃப்ஏஏ உத்தரவு.

பழைய விமானம் வாங்குகிறவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் ஃபில்டரை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் வேறு விமானம் பாருங்கள்.