சம்பா கோயிலுக்குள் இருந்த சுவர்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கத்தோலிக்கர்களுக்குத் தலைமைக் கோயில், புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள அமலோற்பவ அன்னை பேராலயம். மக்கள் வழக்கில் சம்பா கோயில். சேசு சபையினரின் புனித பவுல் கோயில் என்பதால், 'சேன் போல்' என்ற பிரெஞ்சு உச்சரிப்பு நம் வாயில் சம்பாவாகிவிட்டது.

சுற்றுலா வரும் மாணவர்கள் முகப்போடு திரும்பிவிடுகிறார்கள். பார்க்கத் தகுந்த முகப்புதான். கீழ்த்தளத்தில் இரட்டை இரட்டையாக டோரிக் தூண்கள். மேல்தளத்தில் சுருள் தலை வைத்த அயோனிக் தூண்கள். உள்ளே உருளையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற கூரை. கும்மட்டத்தின் வட்டத் துளைகள் வழியே வெளிச்சம் இறங்குகிறது. 1770இல் வேலை தொடங்கி, 1791இல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம் இது. இங்கே எழுந்தவற்றில் நான்காவது. முதல் கோயிலை 1693இல் டச்சுக்காரர்கள் இடித்தார்கள். மூன்றாவதை 1761இல் ஆங்கிலேயர் தகர்த்தார்கள்.

அந்த மூன்றாவது கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. வடபுறம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபுறம் ஐரோப்பியர், கலப்பினத்தார், சாதிக் கிறிஸ்தவர்கள். 1745இல் காரைக்கால் குரு ஒருவர் புதுச்சேரி வந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். எல்லோரும் ஒரே வேதத்தில் இருக்கையில் நடுவில் எதற்குச் சுவர் என்பதே கேள்வி. சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். இதையெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் நம் பக்கத்து ஆளும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. அதனாலேயே அந்தச் சாட்சியம் கனமானது. குருமார் கருணையால் சுவர் விழுந்தது என்று சொல்வோர் இதைப் படிக்க வேண்டும். கேட்டவர்கள் கேட்டதால் விழுந்தது.

இன்றைய கட்டடத்தில் அந்தச் சுவருக்குத் தடயம் கிடையாது. ஆனால் இதே மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் (அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி) தலித் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறை தனி. கோயிலில் சம உரிமை கிடைக்காததால், தாங்கள் கட்டிய சிற்றாலயத்தையே தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். இருவரும் தாக்கிய தரப்பைச் சேர்ந்த வன்னியக் கிறிஸ்தவர்கள்.

சாதிக் கொடுமை கோயிலுக்குள்ளும் தொடர்கிறது. சான்றிதழோ வேறு கதை சொல்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரானவருக்கு பட்டியல் சாதிச் சான்று இல்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர்.

2022 மார்ச்சில் சம்பா கோயிலின் பேராயர் இருக்கைக்குப் புதியவர் அறிவிக்கப்பட்டபோது, தலித் கிறிஸ்தவ அமைப்புகள் மறுபடி தெருவுக்கு வந்தன. எங்களில் ஒருவர் ஏன் இல்லை என்று கேட்டன.