உங்களுக்குத் தெரியுமா? லாரி கிளப்பும் வெண்திரை

மழையில் ஒரு லாரியை முந்தும்போது, வைப்பர் எவ்வளவு ஆடினாலும் பாதை தெரியாமல் போகும் அந்தச் சில நொடிகள் நெஞ்சைக் கலக்குபவை. கண்ணை மறைக்கும் அந்த வெண்திரை எப்படி உருவாகிறது? டயரின் பள்ளங்கள் சாலைநீரை அள்ளிப் பின்னால் வீசுகின்றன. துளிகள் வழவழப்பான மட்கார்டில் மோதித் தெறித்துப் பொடிச்சாரலாகின்றன. வண்டியை ஒட்டிச் சுழலும் காற்று அதைத் தூக்கிப் பரப்பிவிடுகிறது.

தீர்வு வியப்பூட்டும் அளவு எளிது: மட்கார்டின் உட்புறத்திலும், சக்கரத்துக்குப் பின்னே தொங்கும் தடுப்பிலும் புல்தரை போன்ற பிளாஸ்டிக் இழைகள். மோதும் துளியின் வேகத்தை அவை வாங்கிக்கொள்ள, நீர் சிதறாமல் வழிந்து சாலைக்கே திரும்புகிறது. ஒவ்வொரு கனரக வண்டியிலும் இருக்க வேண்டிய பொருள் இது. ஐரோப்பிய சமூகம் 1991-லேயே இதற்கெனத் தனி நெறிமுறை வகுத்தது.

நெதர்லாந்து சாலையையே மாற்றியது. அங்குள்ள விரைவுச்சாலைகளில் பெரும்பாலானவற்றின் மேலடுக்கு, ஏறக்குறைய 20 சதவீதம் இடைவெளி கொண்ட நுண்துளைத் தார்க்கலவை. மழைநீர் உள்ளிறங்கி ஓரமாக வடிந்துவிடுவதால், டயருக்கு அள்ள அதிகம் மிஞ்சுவதில்லை. துளைகளில் தூசி அடைத்துக்கொண்டால் பலன் குறையும். அதனால் அவ்வப்போது சுத்தம் செய்கிறார்கள்.