பீடித்தட்டும் பொங்கும் பூம்புனலும்

பழைய வீட்டுச் சாமான்கள் என்று கைப்பேசியில் சுற்றிவரும் படங்களில் அம்மி இருக்கும், ஆட்டுரல் இருக்கும், அரிக்கேன் விளக்கு தவறாமல் இருக்கும். பீடித்தட்டை மட்டும் நான் பார்த்ததே இல்லை. பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆலங்குளம் வட்டாரத்தில் 1970களிலும் 80களிலும் வளர்ந்தவர்களுக்கு அது பெரிய விடுபடல். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டு அம்மியில் அரைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. தட்டை யாரும் இரவல் கேட்டதில்லை, வீட்டுக்கு ஒன்றாவது இருந்தது.

மடியில் சுளவு மாதிரி கிடக்கும். ஒரு ஓரத்தில் வெட்டிய இலை, நடுவில் புகையிலைத் தூள், பக்கத்தில் நூல். இலை மத்தியப் பிரதேசம், ஒடிசாக் காடுகளிலிருந்து வந்தது. தூள் குஜராத்திலும் கர்நாடகத்து நிப்பாணியிலும் விளைந்தது. எங்கள் ஊர் கொடுத்தது கை மட்டும்தான். குளத்துப் பாசனமும் மானாவாரியுமாக இருந்த பூமி இது. மழை ஏமாற்றினால் வயலில் வேலை கிடையாது, பீடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முக்கூடல் சொக்கலால் ராம்சேட் பீடி போன்ற பெயர்கள் தமிழ்நாடெங்கும் தெரிந்தவை. அவற்றைச் சுற்றிய விரல்களுக்குத்தான் பெயர் கிடையாது.

அம்மா முந்தின இரவே இலையை நனைத்து ஈரச்சாக்கில் பொதிந்து வைத்துவிடுவாள். விடிந்ததும் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் அளவுக்கு வெட்டுவாள். பிறகு தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலால் ஒரு கட்டு. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். வேகமான கை ஒரு நாளில் ஆயிரத்தை முடிக்கும். அதற்குள் உலை வைக்கவும், தண்ணீர் இறைக்கவும், பிள்ளைக்குத் தலை பின்னவும் வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் எத்தனை பீடி சுத்துவா என்று கேட்பது அப்போது சாதாரணம். பாடத் தெரியுமா என்று எங்கள் பக்கம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய்க் காற்று இறங்கினால், குற்றாலத்தில் சாரல் என்று வெளியூர்க்காரர்கள் குளிக்க வருவார்கள். எங்களுக்கோ அது கதவைச் சாத்துகிற மாதம். திறந்தால் தூள் பறந்துவிடும். சாத்திய வீட்டுக்குள் ஆளுக்கொரு தும்மல். தொட்டில் பிள்ளையும் தும்மும்.

மற்ற நாள்களில் மதியச் சாப்பாடு முடிந்ததும் நாலைந்து தட்டுகள் எங்கள் திண்ணையில் கூடிவிடும். பழகிய கைக்குக் கண் தேவைப்படாது, காது சும்மா இருக்கும். எங்கள் வீட்டு வாழ்க்கையின் ருசியெல்லாம் அந்தச் சும்மா இருந்த காதுகளால் வந்தது என்றுதான் சொல்வேன். காலையில் இலங்கை வானொலி. மத்திய அமைச்சராக இருந்த கேஸ்கர் 1952இல் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டியபோது கேட்பவர்கள் கொழும்புப் பக்கம் திரும்பினார்கள். சினிமாப் பாட்டுக்கு இடம் தந்த விவித் பாரதி 1957இல் வந்த பிறகும் தென்மாவட்டங்கள் முழுதாகத் திரும்பிவரவில்லை. 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி பக்கத்திலேயே இருந்தும், அம்மாவுக்கு இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ ஓடினால்தான் கை ஓடும். அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீதின் குரல் கேட்டால் அது யார் என்று எங்கள் ஆச்சிகூடச் சொல்லிவிடுவாள். பேட்டரி இறங்கிப்போனால் எடுத்து வெயிலில் காயவைப்போம். இன்னும் இரண்டு நாள் பாடும். செங்கோட்டை ரயில் கூவினால் மணி பார்த்துக்கொள்வோம், வானொலி நேரத்தைத் தவறவிட மாட்டோம்.

பிற்பகலில் என் முறை. ராணியிலும் குமுதத்திலும் வந்த தொடர்கதையைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்கிற பிள்ளைக்குக் கட்டுக் கட்டுகிற வேலை இல்லை, அது எனக்குப் பெரிய லாபம். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் எதிர்வீட்டுப் பெரியம்மைக்குப் பொறுக்காது.

“ஏளா, நிறுத்தாத. அந்தப் பய வந்தானா இல்லையா?”

“தொடரும்னு போட்டிருக்கு பெரியம்மை.”

“போட்டா என்ன? நீயா ரெண்டு வரி சேத்துச் சொல்லு.”

சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் கதை வேறு பக்கம் போனால் எழுதினவருக்குத்தான் திட்டு.

பிற்பாடு ஆசிரியர் பயிற்சியில் படித்தபோதுதான் தெரிந்தது, இது எங்கள் திண்ணையில் மட்டும் நடந்ததல்ல. கியூபாவின் ஹவானாவில் 1865இலேயே சுருட்டுத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு, செய்தித்தாளும் நாவலும் வாசிக்க ஆள் வைத்தார்கள். அவர்கள் விரும்பிக் கேட்ட நாவலின் பெயரில் மான்டி கிறிஸ்டோ என்றொரு சுருட்டே பிறகு வந்தது. மலைக்கு அந்தப்பக்கம் கண்ணூரிலும் பீடித் தொழிலாளிகள் பத்திரிகை வாசிக்கக் கேட்டுக்கொண்டே சுற்றினார்கள். அங்கெல்லாம் பெரும்பாலும் ஆண்கள், ஒரே கூரையின் கீழ். அதனால் வாசிப்பு சங்கமானது, அரசியலானது. எங்கள் பெண்கள் வீடு வீடாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். வாசிப்பு கதையோடு நின்றுவிட்டது.

பீடிக்காசு அம்மாவின் காசு. அப்பா அதில் கை வைக்க மாட்டார். பாத்திரச் சீட்டுப் போட்டு வாங்கிய எவர்சில்வர் குடங்களில் அவள் பேர்தான் வெட்டியிருக்கும். என் பள்ளிக்கூடச் செலவும் அந்தத் தட்டிலிருந்து வந்ததுதான். என்னோடு படித்த பெண்களில் பலர் ஐந்தாம் வகுப்போடு தட்டுக்கு உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தக் காலம் போல வருமா என்று அவர்களிடம் போய்ப் பேச எனக்குத் தைரியம் கிடையாது. முதுகுவலியும் இருமலும் உண்டு. இலை தந்து பீடி வாங்கும் கடைக்காரர் கழிவு என்று ஒதுக்கித்தள்ளும் பீடிக்குக் காசு கிடையாது, தந்த இலை குறைந்தால் சொந்தக் காசில் வாங்க வேண்டும். திண்ணைப் பேச்சில் பாதி இந்தக் கணக்குத்தான்.

வீட்டிலிருந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று ஒப்புக்கொண்டது 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். வருங்கால வைப்பு நிதி 1977இல் வந்தது. எத்தனையோ கல்யாணம் அந்தப் பணத்தில் நடந்திருக்கிறது. தொலைக்காட்சி வந்ததும் தட்டு திண்ணையிலிருந்து கூடத்துக்குள் போனது. கை மட்டும் நிற்கவில்லை, சீரியல் பார்த்துக்கொண்டே சுற்றினார்கள். ஆனால் யாரும் யார் வீட்டுக்கும் வரத் தேவையில்லாமல் போயிற்று. எனக்கு விட்டுப்போனதாகத் தோன்றுவது அந்தக் கூட்டம்தான். இப்போது எங்கள் தெருவில் மகள்களும் மருமகள்களும் தட்டைத் தொடுவதில்லை, கடையிலும் முன்போல் இலை போடுவதில்லை.

அம்மாவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை அது. வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும், அதற்கு விரல் ரேகை கேட்பார்கள். போன தடவை இரண்டு பெருவிரலும் கருவியில் பதியவில்லை. ஆள்காட்டி விரலும் பதியவில்லை.

“ஒவ்வொரு விரலா வைங்க ஆச்சி,” என்றான் அங்கே இருந்த பையன்.

“வச்சாச்சு ஐயா. ரேகையெல்லாம் இலையோட போச்சு. வேற என்ன வேணும்னு சொல்லு.”

கண்ணைப் படம் பிடித்தும் செய்யலாம், அதற்கான கருவி இங்கே இல்லை என்றான். தென்காசிக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அம்மா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், அவள் வீட்டில் யார் யாருக்குப் பீடிப் பென்ஷன் வருகிறது என்று விசாரித்துக்கொண்டே வந்தாள்.