எலக்ட்ரான் யார் பக்கம்?

பிணைப்பில் பங்குபெறும் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் ஈர்க்க ஓர் அணுவுக்கு உள்ள திறனே எலக்ட்ரான் கவர்தன்மை. அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1932-இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்.

அவருடைய கணக்கு பிணைப்பு ஆற்றலிலிருந்து தொடங்கியது. ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல் தேவை, குளோரினுக்கு 243. இரண்டின் சராசரி ஏறத்தாழ 340; எலக்ட்ரான்கள் சமமாகப் பகிரப்பட்டால் ஹைட்ரஜன் குளோரைடுக்கும் இவ்வளவே தேவைப்படும். ஆனால் உண்மையில் 431 கிலோஜூல் தேவைப்படுகிறது. எலக்ட்ரான்கள் குளோரின் பக்கம் சாய்வதால் ஒரு முனையில் சிறிது எதிர்மின்சுமையும் மறுமுனையில் சிறிது நேர்மின்சுமையும் உண்டாகின்றன. அவற்றின் ஈர்ப்பே பிணைப்பைக் கூடுதலாக வலுப்படுத்துகிறது. இந்தக் கூடுதல் ஆற்றலிலிருந்து கவர்தன்மை வேறுபாட்டைப் பாலிங் கணக்கிட்டார்.

இன்றைய அட்டவணையில் ஃபுளூரின் 3.98 பெற்று முதலிடத்தில் உள்ளது. ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, சோடியம் 0.93. தனிம வரிசை அட்டவணையில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது அணுக்கருவின் மின்சுமை கூடி, அணு சுருங்குவதால் கவர்தன்மை பொதுவாக உயர்கிறது; ஒரு தொகுதியில் மேலிருந்து கீழே குறைகிறது.

சோடியத்துக்கும் குளோரினுக்கும் வேறுபாடு 2.23. எனவே எலக்ட்ரான் ஏறக்குறைய முழுமையாகக் குளோரினிடம் போய்விடுகிறது. இது அயனிப் பிணைப்பு. இது வலுவானது என்பதால், இவை இரண்டும் சேர்ந்த உப்பு 801 டிகிரி செல்சியஸில்தான் உருகும். கார்பன்–ஹைட்ரஜன் வேறுபாடு 0.35 மட்டுமே என்பதால் மீத்தேனில் எலக்ட்ரான்கள் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்படுகின்றன; இது சகப்பிணைப்பு. ஆக்சிஜன்–ஹைட்ரஜன் வேறுபாடு 1.24, இது முனைவுள்ள சகப்பிணைப்பு. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதற்கும், அறை வெப்பநிலையில் நீர் திரவமாக இருப்பதற்கும் இதுவே அடிப்படை.

வேறுபாடு 1.7-ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு என்று பாடநூல்கள் சொல்வதுண்டு. ஆனால் 1.78 வேறுபாடுள்ள ஹைட்ரஜன் ஃபுளூரைடு ஏறத்தாழ 20 டிகிரியிலேயே கொதித்துவிடும் மூலக்கூறுச் சேர்மம், 1.27 மட்டுமே உள்ள சோடியம் ஹைட்ரைடோ அயனித் திண்மம். சோடியம்–சோடியம், குளோரின்–குளோரின் இரண்டிலும் வேறுபாடு சுழியம். ஒன்று உலோகம், மற்றது வாயு.

வேறுபாட்டோடு இரு அணுக்களின் கவர்தன்மைச் சராசரியையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் புதிர் விலகும். இரு அணுக்களும் எலக்ட்ரானை இறுகப் பற்றினால் சகப்பிணைப்பு. இரண்டுமே தளர்வாகப் பற்றினால் உலோகப் பிணைப்பு. ஒன்று விட, மற்றது பற்றினால் அயனிப் பிணைப்பு. 1940-களில் டச்சு வேதியியலாளர்கள் வான் ஆர்க்கலும் கெட்டலாரும் இவற்றை ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக வரைந்தனர். பெரும்பாலான சேர்மங்கள் அந்த முனைகளுக்கு இடையில்தான் அமைகின்றன.