எந்த மோட்டார் நல்ல மோட்டார்? அவுட்போர்டு பிராண்டுகளின் பேரும் நிஜமும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் ஆபீஸ்ல என் பக்கத்து சீட் நண்பன் ஒரு கேள்வி கேட்டான். அவனுக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு கடற்கரை கிராமம். அப்பா வள்ளத்துல மீன்பிடிக்கப் போறவர். பழைய மோட்டார் இனி தாங்காது, கடன் வாங்கியாவது புதுசு போடணும்னு முடிவு பண்ணியிருக்கார். "ஹெட்போன் வாங்கவே மூணு வாரம் ரிவ்யூ பாக்குற ஆளு நீ. எந்த பிராண்ட் நம்பகமானதுன்னு பாத்துச் சொல்லு"ன்னான்.

ஹெட்போன் பாதியில நின்னா பாட்டு நிக்கும். இது கடல்ல நின்னா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் வள்ளம் போகும். அதனால கொஞ்சம் சீரியஸாவே உக்காந்தேன்.

தெரியாதவங்களுக்காக ஒரு வரி: அவுட்போர்டுன்னா படகோட பின்பலகையில வெளிப்பக்கமா மாட்டுற மோட்டார். இன்ஜின், கியர், ப்ரொப்பல்லர் எல்லாம் ஒரே யூனிட். சின்னதா இருந்தா கழட்டி, தூக்கிட்டு வீட்டுக்கே கொண்டு போயிடலாம்.

மூணு ராத்திரி ரிவ்யூ படிச்சேன், வீடியோ பாத்தேன். யமஹா ஆளுங்க, மெர்குரி ஆளுங்க, சுசுகி ஆளுங்கன்னு கோஷ்டி கோஷ்டியா சண்டை. நம்ம ஆண்ட்ராய்டு, ஐபோன் சண்டை மாதிரியேதான். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சது. இவங்க 'பிராண்ட்'னு சொல்ற பேருக்கும், அந்த மூடிக்குள்ள இருக்கிற இன்ஜினுக்கும் பல நேரம் சம்பந்தமே இல்ல.

ஜான்சன், எவின்ரூட் கதையையே எடுத்துக்கோங்க. ஓலே எவின்ரூட் நார்வேயில இருந்து அமெரிக்கா போனவர். 1909-ல் மில்வாக்கியில அவுட்போர்டு மோட்டார் விக்க ஆரம்பிச்சார். ஜான்சன் அவருக்குப் போட்டியா வந்த கம்பெனி. 1930-கள்லயே ரெண்டும் ஓஎம்சிங்கிற ஒரே நிறுவனத்துக்குள்ள வந்துடுச்சு. பிற்காலத்துல பெயின்டும் ஸ்டிக்கரும்தான் வேற, உள்ள ஒரே மோட்டார். ஆனா "எங்க அப்பா காலத்துல இருந்து ஜான்சன்தான், எவின்ரூட் பக்கம் போகவே மாட்டோம்"னு சொன்ன குடும்பங்கள் இருந்திருக்கு. நம்ம ஊர் பைக், சோப்பு விஷயத்துலயும் இதே கூத்து உண்டுதானே.

இன்னிக்கும் இது நடக்குது. மெர்குரி பேர்ல வர்ற சின்ன ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார்கள் ஜப்பான்ல தொஹாட்சுவோட கூட்டு நிறுவனத்துல தயாரானவை. அதே தொஹாட்சு பேர்ல வித்த பெரிய மோட்டார்கள் சிலது ஹோண்டா செஞ்சது. 2000-களில் ஜான்சன் பேர்ல வந்த ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் பல சுசுகி செஞ்சது. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ரெபோ ஒண்ணுதான், லோகோ மட்டும் வேற. அப்போ "மெர்குரி நல்லதா, தொஹாட்சு நல்லதா?"ங்கிற கேள்விக்குச் சின்ன ஹெச்பியில பெரும்பாலும் அர்த்தமே கிடையாது. பெரிய ஹெச்பியில அதே கேள்விக்கு வேற பதில்.

அடுத்தது, பேரை நம்பி வாங்குறதோட ஆபத்து. 1996-ல் அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவுட்போர்டுகளுக்குப் புகைக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. பழைய கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக்ல ஒரு அடிப்படைப் பிரச்சனை இருக்கு. புது எரிபொருள் உள்ள வரும்போதே புகை வெளியேறுற வாசலும் திறந்திருக்கும். கணிசமான பங்கு எரியாமலே தண்ணிக்குள்ள போயிடும். இதைச் சரி பண்ண ஓஎம்சி, ஃபிக்ட்ங்கிற ஜெர்மன் தொழில்நுட்பத்தை எடுத்துக்கிச்சு. வாசல் மூடின பிறகு எரிபொருளை நேரா சிலிண்டருக்குள்ள பீய்ச்சும் முறை. ஐடியா அருமை. ஆனா சரியா டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே ப்ரொடக்‌ஷனுக்குத் தள்ளின கோட் மாதிரி ஆயிடுச்சு. ஆரம்ப கால மோட்டார்கள்ல ப்ளக் கெட்டுப்போறது, பிஸ்டன் சேதமாகுறதுன்னு புகார் குவிஞ்சது. 2000 டிசம்பர்ல ஓஎம்சி திவால் மனு போட்டுச்சு.

இங்கதான் கவனிக்கணும். 1997, 98-ல் அந்த மோட்டாரை வாங்கினவங்க எதை நம்பி வாங்கினாங்க? தொண்ணூறு வருஷப் பேரை. அந்தப் பேர் பழைய இன்ஜின்கள் சம்பாதிச்சது. புது இன்ஜின் இன்னும் ஒரு சீசன்கூட ஓடல.

தலைகீழாவும் நடந்தது. எவின்ரூட்டை பாம்பார்டியர் வாங்கி, அந்த முறையைத் திருத்தி, 2003-ல் ஈ-டெக்னு புது வரிசையைக் கொண்டு வந்தாங்க. வாங்கினவங்கள்ல நிறைய பேர் அதை விரும்பினாங்க. ஆனா "எவின்ரூட்டா? ஃபிக்ட் ஞாபகம் இல்லையா?"ங்கிற பேச்சு பல வருஷம் ஓயல. கடைசியில 2020 மே மாசம் உற்பத்தியையே நிறுத்திட்டாங்க. நல்ல பேரும் சரி, கெட்ட பேரும் சரி, இன்ஜினுக்குச் சில வருஷம் பின்னாடியேதான் ஓடி வருது.

சரி, ரிவ்யூவை விட்டுட்டு மெக்கானிக்கைக் கேக்கலாமே? கேக்கலாம், ஆனா கொஞ்சம் கணக்கோட. ஒரு கரையில 100 வள்ளம்னு வெச்சுக்கோங்க. 80-ல் 'அ' பிராண்ட், 20-ல் 'ஆ' பிராண்ட். இந்த வருஷம் மெக்கானிக்கிட்ட 'அ' எட்டு வந்தது, 'ஆ' நாலு வந்தது. அவர் பொய் சொல்லாமலே "அ-தான் தம்பி அதிகமா ரிப்பேருக்கு வருது"ன்னு சொல்வார். நிஜத்துல 'அ' பத்துல ஒண்ணு கெட்டிருக்கு, 'ஆ' அஞ்சுல ஒண்ணு. எத்தனை வந்ததுன்னு மட்டும் கேக்காம, கரையில மொத்தம் எத்தனை இருக்குன்னும் கேளுங்க.

ஓடுற மணி நேரமும் முக்கியம். நான் படிச்ச ரிவ்யூக்கள் பெரும்பாலும் அமெரிக்காவுல வார இறுதியில ஏரிக்குப் போறவங்க எழுதினது. பொழுதுபோக்குப் படகுகள் பொதுவா வருஷத்துக்கு 50, 100 மணி நேரம்தான் ஓடும். தினமும் ஆறு மணி நேரம், வருஷத்துல 200 நாள் கடலுக்குப் போற வள்ளத்துக்கு 1,200 மணி. அங்க பத்து வருஷம் தாங்குச்சுன்னு ஒருத்தர் பெருமையா எழுதினது இங்க ஒரே வருஷத்துல ஓடி முடிஞ்சிடும். அதுவும் உப்புத் தண்ணியில. கம்பெனிகளுக்கு இது தெரியும். அதனாலதான் தொழிலுக்குப் பயன்படுத்தினா வாரண்டி காலத்தைப் பெரும்பாலும் குறைச்சுடுவாங்க. விளம்பரத்தை விட அந்த வாரண்டி அட்டையோட சின்ன எழுத்து நேர்மையானது.

நம்ம தென்கடற்கரையிலயும் கேரளத்துலயும் அதிகம் கண்ணுல படுறது யமஹா, சுசுகி. அமெரிக்காவுல விக்க முடியாத கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக்குகள் ஆசியா, ஆப்பிரிக்காவுக்கு இன்னும் வருது. யமஹாவோட எண்டியூரோ வரிசை அப்படித்தான். இதுல மண்ணெண்ணெய்ல ஓடுற மாடலும் உண்டு. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். நிறுத்துறதுக்கு முன்னாடி மறுபடி பெட்ரோல். எரிபொருளும் நம்பகத்தன்மையில ஒரு பகுதின்னு இலங்கை மீனவர்களைக் கேட்டா சொல்வாங்க. 2022 ஆகஸ்ட்ல அங்க மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயில இருந்து ஒரே நாள்ல 340 ஆச்சு. மோட்டார்ல எந்தக் கோளாறும் இல்லாமலே படகுகள் கரையில நின்னுச்சு.

கடைசியா நண்பனோட அப்பாவுக்கே போன் போட்டேன். இதை முதல்லயே செஞ்சிருக்கணும். நான் மேல சொன்னதையெல்லாம் அளந்துவிட்டேன். பொறுமையா கேட்டுட்டு, "மக்கா, நடுக்கடல்ல மோட்டார் நின்னா கம்பெனிக்காரனா வருவான்? பக்கத்து வள்ளக்காரன்தான் வருவான். அவன்கிட்ட இருக்க ப்ளக்கும் இம்பெல்லரும் நம்மளுக்குச் சேரணும்"னார்.

இம்பெல்லர்னா கடல் தண்ணியை உறிஞ்சி இன்ஜினைக் குளிர வைக்கிற ரப்பர் சக்கரம். மணல் இழுத்தா தேயும். மோட்டார் ஓடும்போது பின்னாடி ஒரு சின்ன ஓட்டையில தண்ணி பீய்ச்சும் பாருங்க, அது மெலிஞ்சா ஆபத்து, நின்னுபோனா இன்ஜின் வெந்துடும். விலை கம்மியான பாகம்தான். அது பக்கத்துல கிடைக்கலன்னா எந்தப் பெரிய பேரும் உதவாது.

அவர் பாக்குற இன்னொரு அளவுகோல், பழைய மோட்டாரோட மறுவிற்பனை விலை. அஞ்சு வருஷம் ஓடினதுக்கும் கரையில நல்ல விலை கிடைக்குதுன்னா, அதை உள்ளும் புறமும் தெரிஞ்சவங்களே காசு போடத் தயாரா இருக்காங்கன்னு அர்த்தம். நான் பாத்த எந்த ஸ்டார் ரேட்டிங்கையும் விட இதை நான் நம்புவேன். அதோட, கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கான்னு பாப்பாராம். வெளுத்திருந்தா சீல் வழியா தண்ணி உள்ள போயிருக்கு.

எனக்கு ஒரு சின்ன நெருடலும் இருக்கு. எல்லாரும் ஒரே மோட்டார் வாங்கினா, அதை விடச் சிக்கனமான ஃபோர்-ஸ்ட்ரோக் வந்தாலும் யாரும் முதல் ஆளா மாற மாட்டாங்க. ஸ்பேர் கிடைக்காது, மெக்கானிக்குக் கை பழகியிருக்காது. அதைக் கேட்டதுக்கு அவர் சொன்னார், "ரெண்டு மோட்டார் இருக்கவன் முதல்ல மாத்தட்டும், பாத்துட்டு நாங்க மாத்துவோம்."

போன வாரம் வாங்கிட்டார், கரையில பாதிப் பேர் வெச்சிருக்கிற அதே மோட்டார். பழசைக் கேட்டு ரெண்டு பேர் வந்தாங்களாம். கொடுக்கல. ஸ்பேருக்குன்னு கழட்டி, கட்டில் அடியில வெச்சிருக்கார். அம்மா திட்டுறாங்கன்னு நண்பன் சொன்னான்.