ஃப்ரீஸரில் தூங்கும் தொட்டில்!

ஃபேஸ் கிரீம் விளம்பரத்தில் வருகிறது. க்ரீன் டீ பாக்கெட்டில் வருகிறது. ஆபீஸ் கேன்டீனில் மாதுளை ஜூஸ் குடிக்கிற நண்பர்கூட, "இதுல ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட் இருக்கு சார்!" என்று என் கையிலிருக்கும் பஜ்ஜியைப் பரிதாபமாகப் பார்க்கிறார். ('ஆன்ட்டி' என்றதும் எதிர்வீட்டு மாமியை நினைத்துக்கொண்ட பேச்சிலர்கள் மன்னிக்கவும்!)

இந்தச் சமாசாரத்துக்கு ஜூஸைவிடப் பெரிய வேலை ஒன்று காத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பல வகைப் புற்றுநோய்களைக் கீமோதெரபியால் விரட்டிவிடலாம். ஆனால், சைக்ளோபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகள் புற்றை மட்டும் பார்த்து அடிப்பதில்லை. சினைப்பையில் இருக்கும் முட்டைகளையும் சேர்த்துக் காலி பண்ணிவிடும். பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து, இருபது லட்சம் முட்டைகளோடுதான் பிறக்கிறது. அதற்கப்புறம் அந்த அக்கவுன்ட்டில் டெபாசிட்டே கிடையாது, வித்டிராயல் மட்டும்தான்! உயிர் பிழைத்தவளுக்கு மடியில் ஒரு குழந்தை இல்லாமல் போய்விடலாம்.

'மருந்து ஏற்றுவதற்கு முன்பே கொஞ்சம் எடுத்துப் பத்திரப்படுத்தினால் என்ன?' என்று யோசித்தார்கள் விஞ்ஞானிகள். முதலில் சிக்கியது, வழக்கம்போல, ஆடு! எடின்பரோவில் ரோஜர் காஸ்டெனும் அவருடைய சகாக்களும் ஆட்டின் சினைப்பைத் துண்டுகளை உறைய வைத்து, மறுபடி அதே ஆட்டுக்குள் பொருத்தினார்கள். ஆடு குட்டி போட்டது! 1994-ல் வெளியான சேதி இது.

அடுத்தது பெல்ஜியம். பிரஸ்ஸல்ஸில் ஷாக் டொனே என்ற டாக்டரிடம் 1997-ல் ஹாட்ஜ்கின் புற்றுநோயோடு ஓர் இளம்பெண் வந்தாள். கீமோவுக்கு முன்பே அவளுடைய சினைப்பையின் மேற்பட்டையை மெல்லிய துண்டுகளாக எடுத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் தூங்க வைத்தார்கள். நோய் குணமாகி, 2003-ல் துண்டுகள் வீடு திரும்பின. 2004 செப்டம்பரில் பெண் குழந்தை. எடை 3.72 கிலோ! 'அந்த முட்டை இந்தத் துண்டிலிருந்துதான் வந்ததா?' என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. இப்போது உலகம் முழுக்க இந்த முறையில் பிறந்த குழந்தைகள் இருநூறைத் தாண்டிவிட்டன.

சரி, நம்ம ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட் எங்கே வருகிறது?

கிட்னி மாற்றும்போது ரத்தக்குழாயோடு ரத்தக்குழாயைத் தைத்துவிடுவார்கள். இந்தக் குட்டித் துண்டில் தைக்கக் குழாய் ஏது? பிடுங்கி நட்ட நாற்று வேர் பிடிக்கிற வரை வாடி நிற்குமே, அந்தக் கதைதான். சுற்றிலும் புது ரத்தக்குழாய் முளைத்து வரச் சில நாட்கள் ஆகும். அதுவரை ஆக்ஸிஜன் பஞ்சம். அந்தப் பஞ்சத்திலேயே முட்டைகள் கொத்துக் கொத்தாக மடிகின்றன.

பஞ்சம் தீர்ந்தால் நிம்மதியா? அதுதான் இல்லை. நம் வீட்டில் கரண்ட் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; திடீரென்று ஹை வோல்டேஜில் திரும்பி வரும்போதுதானே டி.வி. புகைகிறது! அதேபோல, ரத்தம் திரும்பப் பாயும்போது முறுக்கிக்கொண்டு திரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் கிளம்பி, மிச்சமிருக்கும் செல்களையும் தாக்குகின்றன. இரண்டு அடியும் சேர்ந்து பாதிக்கு மேற்பட்ட முட்டைகள் போய்விடுவதும் உண்டு.

இந்த இரண்டாவது அடிக்கு ஸ்டெபிலைசர்தான் ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட். காஸ்டென் குழு 1998-லேயே எலிகளை வைத்து வைட்டமின் ஈ-யைச் சோதித்து, பலன் இருப்பதாகச் சொன்னது. பிறகு மெலடோனின் வந்தது. பாராசிட்டமால் விஷத்தை முறிக்கத் தரும் என்-அசிட்டைல்சிஸ்டீனும் வந்தது. விலங்குச் சோதனைகள் நம்பிக்கை தருகின்றன. மனிதர்களுக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. அதனால் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி ஒரு ஸ்ட்ரிப் மாத்திரை வாங்கிவிடாதீர்கள். கீமோ நடக்கும்போது டாக்டரைக் கேட்காமல் எந்த வைட்டமின் மாத்திரையும் கூடாது!

உறைய வைக்கும் முறை மட்டும் பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. 2019-ல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமே அப்படி அறிவித்தது. முட்டையை எடுத்துச் சேமிக்க இரண்டு வாரம் போல ஆகும். இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வயதுக்கு வராத சிறுமிகளுக்கு இது ஒன்றுதான் வழி. ரத்தப் புற்றுநோய் என்றால் மட்டும் உஷார்: துண்டோடு நோயும் திரும்பி வரலாம்.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? ஆஸ்பத்திரியில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடுகிறவர் பெரும்பாலும் நீங்கள்தான். அவளுக்கு அண்ணனாக இருக்கலாம், புருஷனாக இருக்கலாம், நிச்சயமான மாப்பிள்ளையாகவும் இருக்கலாம். அழுகிற அம்மாவுக்கு இந்தக் கேள்வி தோன்றாது; தோன்றினாலும் கேட்கக் கூச்சப்படுவார். முதல் பாட்டில் மருந்து ஏறுவதற்கு முன்னால் நீங்கள் கேளுங்கள்: "டாக்டர், பின்னாடி இவங்களுக்குக் குழந்தை பிறக்கணும்னா இப்பவே எதையாவது எடுத்து வைக்கணுமா?"

நோயாளி நீங்களாகவே இருந்தாலும் இதே கேள்விதான். உறைய வைத்த விந்தணுவால் கர்ப்பம் உண்டானது 1953-லேயே நடந்துவிட்டது. ஆண்களுக்கு ஆபரேஷன்கூட வேண்டாம். கூச்சத்தை விட்டால் போதும்!